கெட்ட எண்ணம் வந்தால் கெட்டவரா?

அக்காவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் இருக்கும். வீடு நாலாவது மாடி. அழுகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இடுப்பு உயரச் சுவர். சும்மா கீழே எட்டிப் பார்த்தேன். அந்த நொடியில் தலைக்குள் ஒரு கேள்வி வந்து விழுந்தது: "இப்போது கையை விட்டால் என்ன ஆகும்?"

விடவில்லை. விடும் ஆசை துளியும் இல்லை. ஆனால் உள்ளங்கை வியர்த்துவிட்டது. இரண்டு எட்டு பின்னால் வந்து, பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போய் முகம் கழுவினேன். எப்படிப்பட்ட ஆளுக்கு இப்படியெல்லாம் தோன்றும்? அடுத்த இரண்டு வாரம் குழந்தையைத் தூக்காமல் இருக்க என்னென்னவோ காரணம் சொன்னேன். சளி பிடித்திருக்கிறது, கை வலிக்கிறது, இப்போதுதான் வெளியிலிருந்து வந்தேன்.

பல மாதம் கழித்து ஒருநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "எனக்குக் கத்தியைப் பார்த்தா அப்படித்தான் தோணும். இவன் பக்கத்துல படுத்திருந்தா காய் நறுக்கவே மாட்டேன். உங்க அத்தான்கிட்டகூடச் சொன்னதில்ல" என்றாள்.

அந்தப் பிள்ளை மீது உயிரையே வைத்திருக்கிற இரண்டு பேர், ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது.

இதற்கு உளவியலில் 'ஊடுருவும் எண்ணம்' என்று பெயர். கூப்பிடாமல் வரும், நமக்குப் பிடிக்காது, நாம் மதிக்கிற எல்லாவற்றுக்கும் எதிராக இருக்கும். பக்கத்தில் நிற்பவரை ஓடி வருகிற ரயிலின் முன்னால் தள்ளிவிடுவது போன்ற ஒரு காட்சி. வழிபடுகிற நேரத்தில் நாவில் வரக்கூடாத ஒரு சொல். கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம். கதவுப் பிடியைத் தொட்டதில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்ற அருவருப்பு. நெருங்கிய உறவினர் ஒருவரைப் பற்றி வெளியில் சொல்லவே முடியாத ஒரு பிம்பம். இவற்றில் ஒன்று திரும்பத் திரும்ப வந்து, விரட்டினாலும் போகாமல் ஆளைப் பிடித்து ஆட்டும்போது அதைப் பீடிப்பு எண்ணம் என்கிறார்கள்.

சாதாரணக் கவலை வேறு. வேலை போய்விடுமோ, கடன் அடையுமோ என்று கவலைப்படும்போது 'இது என் கவலை, கவலைப்பட வேண்டியதுதான்' என்று மனம் ஒப்புக்கொள்கிறது. ஊடுருவும் எண்ணத்தை மனம் ஒப்புக்கொள்வதில்லை. யாரோ நம் வாயில் திணித்த சொல் மாதிரி இருக்கும். அதனால்தான் அவ்வளவு அதிர்ச்சி.

எத்தனை பேருக்கு வருகிறது?

1978ஆம் ஆண்டு லண்டனில் ஸ்டான்லி ராக்மன், இலங்கையில் பிறந்தவரான பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே கேட்டார்கள். அதுவரை இப்படிப்பட்ட எண்ணங்கள் மனநோயாளிகளுக்கே உரியவை என்ற நினைப்புதான் பரவலாக இருந்தது. இவர்கள் நோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்தார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர் 'ஆமாம், எனக்கும் வரும்' என்றார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. நோயாளிகள் சொன்ன எண்ணங்களையும் சாதாரண ஆட்கள் சொன்னவற்றையும் கலந்து, அனுபவமுள்ள நிபுணர்களிடம் கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். நிபுணர்கள் தடுமாறினார்கள். இரண்டு பக்கமும் சரக்கு ஒன்றுதான். எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு வலிக்கிறது, அதை விரட்ட எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் விரிவானது. 13 நாடுகளில் 777 பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டார்கள். கடந்த மூன்று மாதத்தில் ஒரு முறையாவது இப்படி ஓர் எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 94 சதவீதம். 'செய்தேனா, இல்லையா' என்ற சந்தேக வகைதான் அதிகம். பாலியல், மதம் சார்ந்த அருவருப்பான எண்ணங்கள் கடைசி. குறைவாக வருகிறதா, குறைவாக ஒப்புக்கொள்ளப்படுகிறதா? எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம்.

குழந்தை பெற்ற தாய்மாரைப் பற்றித் தனியாகவும் ஆய்வுகள் உண்டு. பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் அநேகமாக எல்லோருக்கும் வருகிறது. நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற வேண்டாத எண்ணம் 2008இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் ஏறக்குறைய பாதித் தாய்மாரிடம் இருந்தது. அக்காவின் கத்தி அந்தப் பாதியில் வருகிறது.

மனம் ஏன் இப்படிச் செய்கிறது?

மனத்தின் வேலையே 'இப்படி நடந்தால்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான். ஆபத்து இருக்கிற இடத்தில் அது கூடுதலாகக் கேட்கும். உயரமான இடத்தில் நிற்கும்போது 'குதித்துவிடலாமா' என்று தோன்றுவதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 431 கல்லூரி மாணவர்களிடம் இதைக் கேட்டு 2012இல் ஒரு கட்டுரை வந்தது. தற்கொலை எண்ணமே வந்திராதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த உந்துதலை உணர்ந்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் சுவாரசியமானது. விளிம்பில் நிற்கும்போது உடல் 'தள்ளி நில்' என்று சட்டென்று ஒரு கட்டளை போடுகிறது, நாமும் பின்வாங்குகிறோம். அரை நொடி கழித்து அறிவு வந்து கேட்கிறது: 'எதற்குப் பின்வாங்கினேன்? சுவர் உறுதியாகத்தானே இருக்கிறது? அப்படியானால் குதிக்க நினைத்தேனோ?' பிழைக்க வேண்டும் என்ற துடிப்பையே சாக வேண்டும் என்ற ஆசையாகத் தப்பாகப் படித்துவிடுகிறோம்.

மன அழுத்தம் இருந்தால் வரத்து கூடும். பிள்ளையை அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்த தாய்மாரை 1980களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அவர்களுக்கு இத்தகைய எண்ணங்கள் மற்றத் தாய்மாரைவிட அதிகமாக வந்தது தெரிந்தது. தூக்கக் கேடு, புதுப் பொறுப்பு, நோய் பற்றிய பயம், எல்லாமே எண்ணெய் ஊற்றும். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த மூன்றுக்கும் பஞ்சம் கிடையாது.

வருவது சரி, ஏன் ஒட்டிக்கொள்கிறது?

ஒரே எண்ணம் இரண்டு பேருக்கு வருகிறது. ஒருவர் 'சே, என்ன நினைப்பு இது' என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். மற்றவர் 'எனக்கு ஏன் இது தோன்றியது? இதற்கு என்ன அர்த்தம்?' என்று அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். பால் சல்கோவ்ஸ்கிஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1985இல் எழுதியதன் சாரம் இதுதான்: எண்ணம் தீங்கு செய்வதில்லை, அதற்கு நாம் எழுதிக்கொள்கிற பொருள்தான் செய்கிறது. அதிலும் குறிப்பாக, 'இது தோன்றிய பிறகும் நான் சும்மா இருந்து ஏதாவது நடந்துவிட்டால், பழி என் தலையில்' என்கிற மிகையான பொறுப்புணர்ச்சி. பார்க்கப்போனால் பொறுப்பில்லாத ஆட்களை இது அவ்வளவாகத் தொடுவதில்லை. மனசாட்சி உறுத்துகிறவர்களைத்தான் பிடிக்கிறது.

இன்னொரு பொறி, நினைப்பதும் செய்வதும் ஒன்று என்ற நம்பிக்கை. அதில் இரண்டு வகை. 'கெட்டதை நினைத்தாலே கெட்டது செய்த பாவம்' என்பது ஒன்று. 'நினைத்தால் நடந்துவிடும்' என்பது மற்றொன்று. 1990களில் ராக்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். இந்த நம்பிக்கை அதிகமாக உள்ளவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, தங்களுக்கு நெருங்கிய ஒருவரின் பெயரை எழுதி, அவருக்குக் கார் விபத்து நேரட்டும் என்று ஒரு வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். எழுதியவர்களுக்குப் பதற்றம் வந்தது. அதை எப்படியாவது ரத்து செய்துவிட வேண்டும் போல இருந்தது.

நான் இதெல்லாம் நம்பாத ஆள். சரி, பார்க்கலாம் என்று ஒரு தாளை எடுத்து அக்கா பெயரை எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது எழுத்தில் பேனா நின்றுவிட்டது. அறிவுக்குத் தெரியும், மையால் யாருக்கும் விபத்து நேராது என்று. கைக்குத் தெரியவில்லை. ஒரு வழியாக எழுதி முடித்தேன். முடித்த கையோடு தாளைக் கிழித்துப் போட்டேன். அந்தக் கிழிப்புதான் 'ரத்து செய்வது'. எனக்கே இவ்வளவு என்றால், உண்மையாகவே நம்புகிறவர் படும் பாடு என்னவாக இருக்கும்?

குரங்கும் வெள்ளைக் கரடியும்

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும். மருந்துக் கிண்ணத்தை எடுத்தால் குரங்கு வந்து நிற்கும். நம்மவர் கதையாகச் சொன்னதை 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஐந்து நிமிடம் 'இனி தாராளமாக நினைக்கலாம்' என்றதும், முதலில் அடக்கியவர்களுக்குக் கரடி இன்னும் அதிகமாக வந்தது. தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களுக்குக்கூட அவ்வளவு வரவில்லை.

வெக்னர் பின்னால் இதற்கு ஒரு காரணம் சொன்னார். ஓர் எண்ணத்தை அடக்கும்போது மனத்தில் இரண்டு வேலை நடக்கிறது. ஒரு பக்கம் வேறு எதையாவது தேடிப் பிடிக்கிறது. இன்னொரு பக்கம், அந்த எண்ணம் மறுபடி வந்துவிட்டதா என்று காவல் காக்கிறது. காவல்காரனுக்குத் திருடனின் முகம் நினைவில் இருந்தாக வேண்டும் அல்லவா? முதல் வேலைக்கு முயற்சி வேண்டும். களைத்தால் அது படுத்துவிடும். காவல் மட்டும் தானாக நடந்துகொண்டிருக்கும். ராத்திரி படுக்கையில் இந்த எண்ணங்கள் கூட்டமாக வருவதைப் பலர் சொல்வார்கள். ஆச்சரியமில்லை.

அடக்குவது முடியாதபோது ஆள் சரிபார்க்கத் தொடங்குகிறார். அடுப்பை அணைத்தேனா? போய்ப் பார்க்கிறார், அணைந்திருக்கிறது. வாசல் வரை வந்ததும் மறுபடி சந்தேகம். திரும்பவும் பார்க்கிறார். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்சல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் உதவுகிறது. கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. ஒரு கூட்டத்தார் அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். இன்னொரு கூட்டத்தார் அதே அளவு விளக்குகளைச் சரிபார்த்துவிட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் அடுப்பைப் பார்த்தார்கள். கடைசிச் சோதிப்பில் அடுப்பின் எந்தெந்தக் குமிழைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அடுப்பையே பலமுறை பார்த்தவர்களுக்கு நினைவு மங்கலாக இருந்தது, தங்கள் நினைவின் மீதே நம்பிக்கை குறைந்திருந்தது.

யோசித்தால் புரிகிறது. ஒரே காட்சியை இருபது முறை பார்த்தால், இப்போது நினைவில் நிற்பது இருபதாவது தடவையா ஏழாவதா என்று எப்படித் தெரியும்? உறுதி வேண்டிப் பார்க்கப் பார்க்க உறுதி தேய்கிறது. மற்றவரிடம் 'நான் அப்படிச் செய்ய மாட்டேன் இல்லையா?' என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே கணக்குத்தான். பதில் அரை மணி நேரம் தாங்கும், அப்புறம் இன்னொரு பதில் வேண்டும்.

நோய் இல்லை என்றால் பாதிப்பும் இல்லையா?

இங்கே ஒரு தவறான ஆறுதல் உண்டு. 'எல்லோருக்கும் வருவதுதானே, விடுங்கள்' என்று தட்டிக்கழிப்பது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இளம் வயதில் பீடிப்பு எண்ணமோ, திரும்பத் திரும்பச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிற கட்டாயச் செயலோ இருந்ததாகத் தெரிந்தது. எந்த மனநோயும் இல்லாதவர்கள்கூட அவற்றால் அன்றாட வாழ்க்கை இடறுகிறது என்று சொன்னார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதாவது இப்படிப்பட்ட அறிகுறி இருந்ததாகச் சொன்னவர்கள் 28 சதவீதம். முழு நோயாக, அதாவது ஓசிடியாக, வந்தது 2.3 சதவீதத்தினருக்குத்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் நிற்கிற கூட்டம் மிகப் பெரியது. அவர்களுக்கு நோய்ப் பெயர் இல்லை, அதனால் கவனிப்பும் இல்லை.

அவர்கள் இழப்பது பெரும்பாலும் வெளியில் தெரியாது. படிக்கிற பக்கத்தில் பாதி மனம்தான் இருக்கும். தூக்கம் தள்ளிப்போகும். 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்ற கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தால் மனச்சோர்வு வரும். மனச்சோர்வு வந்தால் எண்ணங்கள் இன்னும் தடித்து வரும். எல்லாவற்றையும்விட, எண்ணம் வராமல் இருக்க வேண்டும் என்று வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொள்வார்கள். கத்தியை அலமாரியில் பூட்டி வைப்பது, பால்கனிக்குப் போகாதது, கார் ஓட்டுவதை நிறுத்துவது. ஒவ்வொன்றும் சின்ன ஏற்பாடுதான். ஆனால் தவிர்த்த ஒவ்வொரு முறையும் 'தவிர்த்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை' என்று மனம் குறித்துக்கொள்கிறது. நான் தவிர்த்தது ஒரு பச்சைக் குழந்தையின் இரண்டு வாரத்தை. அந்த வயதில் இரண்டு வாரத்தில் முகமே மாறிவிடுகிறது.

இன்னொன்று வெட்கம். பணப் பிரச்சினையைச் சொல்லலாம், தலைவலியைச் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது? சொல்லாததால் மற்றவருக்கும் வருகிறது என்று தெரிவதில்லை. தெரியாததால் 'நான் மட்டும்தான்' என்பது உறுதியாகிறது.

என்ன செய்யலாம்?

எண்ணத்தோடு வாதாடாமல் இருப்பதுதான் முதல் வேலை. விரட்டவும் வேண்டாம், விருந்து வைக்கவும் வேண்டாம். 'ஓ, அந்த எண்ணம் வந்திருக்கிறது' என்று பார்த்துவிட்டு, கையில் இருந்த வேலையைத் தொடர வேண்டும். எழுத எளிது, செய்யக் கடினம். முதல் சில முறை நெஞ்சு படபடக்கும். படபடப்போடுதான் தொடர வேண்டும். நல்ல எண்ணத்தால் கெட்ட எண்ணத்தை அழிப்பது என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். அதுவும் ஒரு வகை அடக்குதல்தான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓர் எச்சரிக்கையும் உண்டு: 'இது வெறும் எண்ணம், இது வெறும் எண்ணம்' என்று ஐம்பது முறை சொல்லிக்கொண்டால், அந்த வாக்கியமே புதிய சடங்காகிவிடும். ஒரு முறை போதும்.

ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறது, வேலையோ உறவோ கெடுகிறது, கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனத்துக்குள்ளேயே ஜெபிப்பது என்று ஏதாவது செய்தே ஆக வேண்டியிருக்கிறது என்றால் அது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். மேசையை ஒழுங்காக வைத்திருப்பதை 'எனக்கு ஓசிடி' என்று சிரித்துக்கொண்டே சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் தொடங்கிவைத்த முறைதான் இன்றும் முதுகெலும்பு: பயப்படுகிற சூழலுக்குள் போக வேண்டும், ஆனால் வழக்கமான கழுவலையோ சரிபார்ப்பையோ செய்யக் கூடாது. பயிற்சி பெற்றவர் துணையோடு, சிறிய பயத்திலிருந்து படிப்படியாக. மூளையில் உள்ள செரடோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மாத்திரைகளும் பலருக்கு உதவுகின்றன.

ஒரு கோடு மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். இதுவரை பேசியது வேண்டாத, வெறுக்கிற எண்ணங்களைப் பற்றி. சாக வேண்டும் என்ற விருப்பமே இருந்தால், யாரையாவது தாக்கும் திட்டம் உருவானால், இல்லாத குரல்கள் கேட்டால், பிரசவத்துக்குப் பிறகு நிஜம் எது என்பதே குழம்பினால், அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவர்கள் மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போகும்போது பெரும்பாலும் 'கொஞ்சம் டென்ஷனாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். எண்ணம் எப்படி வருகிறதோ அதே வார்த்தையில் சொல்வது நல்லது. இதைவிடக் கோரமானதை அவர்கள் கேட்டிருப்பார்கள். வாய் வரவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும் வரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.